மாக்டொனால்டின் மாதக் கணக்கு

1928-ம் வருஷம் ஜூலை மாதத் தொடக்கத்தில் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துத் தொழிற்கட்சிகளின் மகாநாடு ஒன்று லண்டனில் கூடிற்று. அப்பொழுது காமன்ஸ் சபையில் எதிர்க்கட்சித் தலைவராயிருந்த மிஸ்டர் ராம்ஸே மாக்டொனால்டு அங்கே ஒரு பிரசங்கம் செய்தார். வேறோர் இனத்தாரின் தேசம் ஒன்று சம கௌரவத்துடன் டொமினியனாக வந்து சேரப்போகிறதென்றும், அது வருஷக் கணக்கில் அல்ல, மாதக் கணக்கில் நடந்தேறுமெனத் தாம் நம்புவதாகவும், தாம் குறிப்பது இந்தியாவையே என்றும் அவர் சொன்னார்.

பதினொரு மாதம் சென்றது. 1929 ஜூன் 5-ந் தேதி அவரே பிரதம மந்திரியானார். 1935 ஜூன் 7-ந் தேதி வரையில், ஆறு வருஷமும் இரண்டு நாளும், அப்பதவியை விடாமல் வகித்தார். அவருடைய கணக்கிலேயே சொன்னால் 72 மாதம். அந்த 72 மாதத்தில் இந்தியாவுக்குக் கிட்டியவை: வைஸ்ராயின் அறிக்கை ஒன்று, வட்டமேஜை மகாநாடுகள் மூன்று, அடுக்கடுக்கான அவசரச் சட்டங்கள், சிறையில் இடமில்லாதபடி சிறைப்பட்ட ஜனங்கள், வகுப்புத் தீர்ப்பு ஒன்று. டொமினியன் மட்டும் கிட்டவில்லை.

வாய்ச் சொல் வீரர், பதவி கண்டதும் பழையதை மறந்தவர் என்று இரண்டு வார்த்தையில் இம்மனிதரைத் தீர்த்துவிடுவது எளிது. அவருடைய சொந்தக் கட்சியாரே அப்படித்தான் தீர்த்தார்கள். நாம் அதற்கு உடன்படுவதற்கில்லை. ஏனெனில், கொண்ட கொள்கைக்காக நஷ்டப்படத் தெரியாதவரல்லர் மாக்டொனால்டு. நஷ்டப்பட்டிருக்கிறார், அதுவும் சாமானியமாக அன்று. அப்படிப்பட்டவர் இந்தியாவின் விஷயத்தில் மட்டும் ஏன் ஒரு காசும் செலவிடவில்லை என்பதே நாம் ஆராய வேண்டிய விஷயம்.

ஸ்காட்லாந்தின் வட கோடியிலுள்ள லாஸிமவுத் என்னும் மீன்பிடிக்கும் ஊரில் 1866 அக்டோபர் 12-ந் தேதி அவர் பிறந்தார். தாயார் வேலைக்காரப் பெண்மணி, தகப்பனார் பண்ணையாள், இருவருக்கும் விவாகமாகவில்லை. கிராமப் பள்ளியில் படித்து, அங்கேயே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்து, இருபது வயதுக்குள் லண்டன் வந்து குமாஸ்தா வேலை பார்த்து, பட்டினியும் கிடந்து மேலே வந்தவர். 1900-ல் தொழிற்கட்சியின் மூலமான பிரதிநிதித்துவக் கமிட்டி ஏற்பட்டபொழுது அதன் காரியதரிசியானார். 1906-ல் லெஸ்டர் தொகுதியிலிருந்து பார்லிமெண்டில் நுழைந்தார். அவருடன் நுழைந்த கட்சியார் 29 பேர். பிரபுக்களும் ஆலை முதலாளிகளும் நிறைந்த சபையில், வேலைக்காரி மகன் ஒருவன் கம்பீரமான தோற்றமும் இனிய குரலும் கொண்டு எழுந்து நின்றதைக் கண்டு, உலகெங்கும் ஏழைகளின் கட்சியார் நிமிர்ந்தனர். நம் தேசத்தாரும் நிமிர்ந்தனர், அதில் பிழையொன்றுமில்லை.

1914 ஆகஸ்டில் மகாயுத்தம் மூண்டது. அப்பொழுது அவர் பார்லிமெண்டில் தொழிற்கட்சியின் தலைவர். பிரிட்டன் யுத்தத்தில் புகுவது தவறென்று அவர் சபையில் சொன்னார். கட்சியோ யுத்தச் செலவுக்குச் சம்மதித்தது. ஆகஸ்டு 5-ந் தேதி தலைமைப் பதவியை அவர் ராஜினாமாச் செய்தார். அதன் பின் அவர் பட்ட பாடு கொஞ்சமன்று. தேசத் துரோகி என்று தெருவெல்லாம் ஏசினார்கள். ஹொரேஷியோ பாட்டம்லி என்னும் பத்திரிகைக்காரர் மாக்டொனால்டின் பிறப்புச் சான்றிதழைத் தேடியெடுத்துத் தமது ‘ஜான் புல்’ பத்திரிகையில் அச்சிட்டு, அவர் தாயின் மானத்தைச் சந்தியில் இழுத்தார். சொந்த ஊரில் அவர் பந்தாடிவந்த கால்ஃப் சங்கம் 1916-ல் அவரை விலக்கிவிட்டது. 1918 டிசம்பர்த் தேர்தலில் லெஸ்டர் வோட்டர்கள் அவரைப் பெருந்தோல்வியுறச் செய்தார்கள். நான்கு வருஷம் பார்லிமெண்டுக்கு வெளியே நின்றார். பிறகு 1922-ல் வேல்ஸ் தேசத்து ஆபரேவான் தொகுதி அவரைத் திரும்ப அனுப்பிற்று. கட்சியும் அவரையே மறுபடி தலைவராக்கிற்று. ஒரு சொல்லுக்காக எட்டு வருஷம் விலை கொடுத்த மனிதரைக் கோழை என்று எவரும் சொல்லத் துணியார்.

நிற்க. இந்தியாவுடன் அவருக்கு ஏற்பட்ட சம்பந்தத்தைப் பார்ப்போம். 1909-ல் மனைவியுடன் இந்தியாவுக்கு வந்து சுற்றுப்பிரயாணம் செய்தார். இங்கிலாந்தில் தேர்தல் வந்துவிட்டதால் பாதியில் திரும்ப நேர்ந்தது. 1910-ல் இந்தியாவின் விழிப்பைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். வங்கப் பிரிவினைக்குப் பிந்திய காலத்தில், வெள்ளையர் ஒருவர் எழுதியவற்றில் அதுபோல நம் மனத்தைப் புரிந்துகொண்ட புத்தகம் சிலவே. அதில் ஒரு விஷயத்தை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மிண்டோ–மார்லி சீர்திருத்தத்தில் முஸ்லிம்களுக்குத் தனித் தொகுதி கிடைத்ததைப் பற்றி எழுதுகையில், இதன் பின்னால் சில வெள்ளை உத்தியோகஸ்தர்களின் தூண்டுதல் இருந்ததென்றும், அவர்கள் சிம்லாவிலும் லண்டனிலும் மறைவில் கயிறு இழுத்தனரென்றும், இரு சமூகங்களுக்கிடையே வேண்டுமென்றே பகைமை விதைக்கப்பட்டதென்றும் தாம் சந்தேகிப்பதாக அவர் எழுதியிருந்தார். நம்மவர் எழுதியிருந்தால் ராஜத்துவேஷ வழக்கு வந்திருக்கக்கூடிய எழுத்து அது.

காங்கிரஸ் மகாசபையார் அவரை 1911-ம் வருஷத்துக் கல்கத்தாக் காங்கிரஸுக்கு அக்கிராசனம் வகிக்க அழைத்தனர். அவ்வருஷம் செப்டம்பரில் அவருடைய மனைவியார் காலமாகவே, அவர் வர இயலவில்லை. பண்டித பிஷன் நாராயண் தர் தலைமை வகித்தார். வந்திருந்தால், காங்கிரஸ் அக்கிராசனராயிருந்த ஒருவர் பின்னாளில் காங்கிரஸைச் சட்டவிரோதமாக்கிய சர்க்காரின் பிரதம மந்திரி என்னும் வேடிக்கையைச் சரித்திரம் கண்டிருக்கும்.

மறு வருஷம் இஸ்லிங்டன் பிரபுவின் தலைமையில் அரசாங்க உத்தியோகங்களைப் பற்றி விசாரிக்க ஒரு ராயல் கமிஷன் அமைந்தது. கோகலே அதில் ஓர் அங்கத்தினர். மாக்டொனால்டு மற்றோர் அங்கத்தினர். 1913 ஜனவரியில் அக்கமிஷன் சென்னையில் அமர்ந்து சாட்சியம் வாங்கிற்று. அறிக்கை வெளிவந்தது 1917-ல். கோகலே அதற்குள் மறைந்துவிட்டார். இந்தியருக்கு உத்தியோகங்களில் உரிய பங்கைக் கேட்டு, சகாக்களினின்றும் பிரிந்து, நீண்ட ஆட்சேபக் குறிப்பை எழுதியவர் சென்னை ஹைகோர்ட் நீதிபதியாயிருந்த அப்துர் ரஹீம் ஆவார். அன்று நாம் கவனித்திருக்க வேண்டிய குறிப்பு அது. ஆனால் மாக்டொனால்டின் புத்தகமே நம்மவர் கையில் அதிகம் உலவிற்று. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று தெரிந்திருந்தும், எழுதிய கை வெள்ளைக் கையாயிருந்தால் சுரைக்காய்க்கும் சுவை ஏறிவிடுகிறது.

1923 டிசம்பர்த் தேர்தலில் கன்சர்வேடிவ்கள் 258 ஸ்தானமும், தொழிற்கட்சியார் 191 ஸ்தானமும் பெற்றனர். லிபரல்களின் தயவில் 1924 ஜனவரி 22-ந் தேதி மாக்டொனால்டு முதன்முறையாக மந்திரி சபை அமைத்தார். பதவி ஏற்குமுன்பே அவர் இந்தியாவுக்கு ஒரு செய்தி விடுத்தார். பலாத்காரத்தைக் காட்டியோ, அரசாங்கத்தை நடக்கவொட்டாமல் செய்தோ பிரிட்டனின் எந்தக் கட்சியையும் பயமுறுத்த முடியாது என்பது அதன் சாரம். நாற்காலியில் அமருமுன்பே குரல் மாறிவிட்டதை அப்பொழுதே சிலர் கவனித்தனர்.

பிப்ரவரி 5-ந் தேதி காந்தியடிகள் விடுதலையானார்; எரவாடாச் சிறையிலிருந்து பூனா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து ரண சிகிச்சை செய்த பின், உடல்நிலையை முன்னிட்டு விடப்பட்ட விடுதலை அது. அதே மாதம் 18-ந் தேதி டில்லி அசெம்பிளியில், பொறுப்பாட்சிக்கான திட்டத்தை வகுக்கப் பிரதிநிதிகள் மகாநாடு ஒன்று கூட்ட வேண்டுமென்னும் தீர்மானத்தைப் பண்டித மோதிலால் நேரு 76-க்கு 48 வோட்டுகளில் நிறைவேற்றினார். லண்டனில் இந்தியா மந்திரியாயிருந்த ஆலிவியர் பிரபு நல்லவர். பழைய பேபியன் சங்கத்துக்காரர். கிடைத்த பதில் முட்டிமன் கமிட்டி என்னும் விசாரணை. மகாநாடு கேட்டவனுக்குக் கமிட்டி!

அதைவிட ஒரு நாள் நம் கவனத்துக்கு உரியது. 1924 அக்டோபர் 25-ந் தேதி, சனிக்கிழமை. அன்று காலை லண்டன் ‘டெய்லி மெயில்’ பத்திரிகை, ரஷ்யத் தலைவர் ஜினோவியேவ் எழுதியதாக ஒரு கடிதத்தைப் பெரிய எழுத்தில் வெளியிட்டு, தொழிற்கட்சியின் தேர்தலைக் கெடுத்தது. அக்கடிதம் போலி என்பதே பின்னாளைய ஆராய்ச்சியாளர்களின் பொதுவான முடிவு. விசாரணையின்றி, சாட்சியின்றி, பொய்க் காகிதத்தின் பேரில் தன்னைத் தண்டித்துவிட்டார்களென்று மாக்டொனால்டின் கட்சி இன்றளவும் குறைகூறும், நியாயமான குறைதான். அதே அக்டோபர் 25-ந் தேதி கல்கத்தாவில் என்ன நடந்தது? வங்காள அவசரச் சட்டம் பிறந்தது. கல்கத்தா நகரசபையின் பிரதம நிர்வாக அதிகாரியாயிருந்த ஸுபாஷ் சந்திர போஸ் படுக்கையினின்றும் எழுப்பிக் கைது செய்யப்பட்டார். அவருக்கும் விசாரணையில்லை, சாட்சியில்லை. சில மாதங்களில் மாந்தளைச் சிறைக்கு அனுப்பப்பட்டார். அச்சட்டத்துக்குச் சம்மதமளித்தது தொழிற்கட்சி மந்திரி சபையே. லண்டனில் தான் அடைந்த அநீதிக்குப் புலம்பிய அதே தினத்தில், அதே அநீதியைக் கல்கத்தாவுக்கு அனுப்பிய சர்க்கார் அது.

தொழிற்கட்சிக்கு மெஜாரிட்டி இல்லை, பிறர் தயவில் இருந்தது, ஆகையால் ஒன்றும் செய்ய முடியவில்லை என்று அதன் நண்பர்கள் சமாதானம் சொல்வது வழக்கம். இச்சமாதானத்தில் கொஞ்சம் உண்மையுண்டு, மறுக்கமாட்டோம். புதிய அரசியல் சட்டம் செய்யக் காமன்ஸ் சபையில் மெஜாரிட்டி வேண்டும். பிரபுக்கள் சபையின் இணக்கமும் வேண்டும். ஆனால் அவசரச் சட்டத்துக்குச் சம்மதமில்லை என்று தந்தி கொடுக்க எந்த மெஜாரிட்டி வேண்டும்? சிறைக் கதவைத் திறக்க எந்த லிபரல் கட்சியின் வோட்டு வேண்டும்? எதிர்ப்பு வந்திருக்கும், மந்திரி சபை கவிழ்ந்திருக்கும் என்பார்கள். கவிழத்தான் செய்தது. இந்தியாவுக்காக அல்ல, கேம்ப்பெல் என்னும் கம்யூனிஸ்டுப் பத்திராசிரியர் மீது தொடுத்த வழக்கை வாபஸ் வாங்கிய சில்லறை விவகாரத்தில், அதை நம்பிக்கைப் பிரச்னையாக்கி, 364-க்கு 198 வோட்டில் தோற்று, பார்லிமெண்டைக் கலைக்கச் செய்து அவர் தேர்தலுக்குச் சென்றார். விழுவதற்கு அஞ்சியவரல்லர், எதற்காக விழுவது என்பதைத் தாமே தேர்ந்துகொண்டார். அப்பட்டியலில் இந்தியா இல்லை.

மறுபடியும் எதிர்க்கட்சி வரிசை. மறுபடியும் இனிய வார்த்தை. 1927-ல் ஓர் இந்தியரும் இல்லாத ஸைமன் கமிஷனைப் பால்ட்வின் சர்க்கார் நியமித்தபொழுது, எதிர்க்கட்சித் தலைவர் என்ற முறையில் மாக்டொனால்டு தம் கட்சியாரில் இருவரை அதில் அமர்த்தச் சம்மதித்தார். ஒருவர் வெர்னன் ஹார்ட்ஷார்ன், மற்றவர் கிளெமெண்டு அட்லி. நம் சென்னையில் கூடிய 1927 டிசம்பர்க் காங்கிரஸ் அக்கமிஷனைப் பகிஷ்கரிக்கத் தீர்மானித்தது. 1928 பிப்ரவரி 3-ந் தேதி ஹர்த்தாலன்று ஹைகோர்ட்டின் அருகே துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. அக்டோபரில் லாகூரில் லாலா லஜபதி ராய் தடியடிபட்டார். நவம்பர் 17-ந் தேதி உயிர் நீத்தார். மாதக் கணக்குப் பிரசங்கம் இவ்விரண்டுக்கும் நடுவில், அவ்வருஷம் ஜூலையில்தான் நிகழ்ந்தது. ஒரு கையால் கமிஷனுக்கு ஆள் கொடுத்து, மறு கையால் டொமினியனைக் காட்டிய சாமர்த்தியத்தை என்னென்பது!

1929 மே தேர்தலில் 287 ஸ்தானங்களுடன் தொழிற்கட்சி முதற்பெருங் கட்சியாயிற்று. எனினும் தனி மெஜாரிட்டி இல்லை. அக்டோபர் 31-ந் தேதி இர்வின் பிரபுவின் அறிக்கை வெளிவந்தது. இந்தியாவின் முன்னேற்றத்துக்கு இயற்கையான முடிவு டொமினியன் அந்தஸ்து என்று அது கூறிற்று. உடனே பிர்க்கென்ஹெட் பிரபுவும், முன்னாள் வைஸ்ராயான ரீடிங் பிரபுவும், சர்ச்சிலும் ஆகாயத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார்கள். அறிக்கை பழைய கொள்கைக்கு விளக்கமேயன்றிப் புதிய கொள்கையன்று என்று சர்க்கார் தரப்பில் சமாதானம் சொல்லப்பட்டது. டில்லியில் டிசம்பர் 23-ந் தேதி காந்திஜியும் மோதிலால்ஜியும், மகாநாடு டொமினியன் திட்டத்தை வகுக்கவே கூடுமா என்று கேட்டனர். வைஸ்ராயால் உறுதி கூற முடியவில்லை. அடுத்த வாரம் லாகூரில் பூர்ண ஸ்வராஜ்யத் தீர்மானம் நிறைவேறிற்று.

பிறகு நடந்தவற்றை விவரிக்க வேண்டுவதில்லை. தண்டி யாத்திரையும், ராஜாஜி திருச்சியிலிருந்து நடத்திச் சென்ற வேதாரண்ய யாத்திரையும் நேயர்கள் அறிந்தவை. பெஷாவரில் சுட்டார்கள், ஷோலாப்பூரில் ராணுவச் சட்டம், தராஸனாவில் உப்பளத்துக்கு நடந்தவர்கள் மண்டை பிளந்து விழுந்தார்கள். அறுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் சிறை சென்றனர். வெளியிலிருந்து பார்க்கையில் இவையெல்லாம் இர்வின் சர்க்காரின் காரியம். லண்டனில் இதற்குப் பொறுப்பேற்றவர்கள் மாக்டொனால்டும் அவருடைய இந்தியா மந்திரி வெட்ஜ்வுட் பென்னுமே. மீரத் சதி வழக்கும் அப்படியே. தொழிலாளர் தலைவர்களைப் பிடித்தது 1929 மார்ச்சில், பால்ட்வின் ஆட்சியில். தொழிலாளர் கட்சி பதவிக்கு வந்த பின்னும் வழக்கு நின்றதா? 1933 ஜனவரியில் தண்டனை விதிக்கும் வரையில் நடந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லாவிடில் நாம் நியாயம் தவறியவராவோம். 1930 நவம்பர் 12-ந் தேதி தொடங்கிய முதல் வட்டமேஜை மகாநாட்டை மாக்டொனால்டு பொறுமையுடனும் சாதுரியத்துடனும் நடத்தினார். 1931 ஜனவரி 19-ந் தேதி அதை முடித்துவைத்து, மத்திய சர்க்காரிலும் பொறுப்பாட்சி ஏற்பட வேண்டுமென்ற கொள்கையை ஒப்புக்கொண்டார். ஒரு வாரத்தில், ஜனவரி 26-ந் தேதி, காந்திஜியும் காரியக் கமிட்டியாரும் விடுதலையாயினர். மார்ச்சு 5-ந் தேதி காந்தி–இர்வின் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. இவ்விடுதலைக்குக் காமன்ஸ் சபையின் வோட்டு தேவைப்பட்டதா? இல்லை. அதே தயவில், அதே மெஜாரிட்டியின்மையில் நடந்தது. ஆகவே 1930-ல் முடியாதென்றது 1931-ல் முடிந்ததற்குக் காரணம் உப்புச் சத்தியாக்கிரகமேயன்றி, லிபரல்களின் மனமாற்றமன்று.

அந்த ஜனவரி மாதத்திலேதான் சர்ச்சில் காமன்ஸ் சபையில் எழுந்து, தாம் சிறுவயதில் சர்க்கஸில் பார்க்க ஆசைப்பட்ட ‘எலும்பில்லாத அதிசய மனிதனை’ அரசாங்க வரிசையில் கண்டுகொண்டதாக மாக்டொனால்டைக் கேலி செய்தார். கேலி நிலைத்துவிட்டது. ஆனால் எலும்பில்லாதவர் என்பது சரியான நோயறிதல் அன்று என்பதே நம் எண்ணம். அவ்வருஷம் ஆகஸ்டில் நடந்ததைப் பாருங்கள்.

வேலையில்லாதோர் தொகை 27 லட்சத்தை எட்டியது. பவுன் நாணயத்தின் மதிப்பு ஆடிற்று. வேலையில்லாதோருக்குக் கொடுக்கும் உதவித் தொகையில் நூற்றுக்குப் பத்து வீதம் குறைத்தாலன்றி அமெரிக்காவிலிருந்து கடன் கிடைக்காது என்ற நிலை வந்தது. மந்திரி சபை ஏறக்குறைய நடுவில் பிளந்தது. ஆகஸ்டு 24-ந் தேதி மாக்டொனால்டு தம் கட்சியை விட்டு, கன்சர்வேடிவ்களையும் லிபரல்களையும் சேர்த்துக்கொண்டு தேசீய மந்திரி சபை அமைத்தார். முப்பது வருஷமாகத் தாம் கட்டி வளர்த்த கட்சி அவரை வெளியேற்றிற்று. பழைய நண்பர்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. சரியோ தவறோ, தம் கட்சி முழுவதையும் பவுனுக்காகத் தராசில் வைத்தார். ஒரு மாதத்துக்குள், செப்டம்பர் 21-ந் தேதி, பவுன் தங்கத்தினின்றும் பிரிந்துவிட்டது. வைத்த விலையும் போயிற்று, வாங்க நினைத்த சரக்கும் போயிற்று.

ஆக, தம் வாழ்நாளில் இரண்டு முறை அவர் எல்லாவற்றையும் பணயம் வைத்தார். 1914-ல் சமாதானத்துக்காக, 1931-ல் பவுனுக்காக. இந்தியாவுக்காக ஒரு மாலைப்பொழுதின் அசௌகரியத்தையும் அவர் ஏற்றதாகத் தெரியவில்லை. நம்மிடத்தில் அன்பில்லாமையன்று; அன்பிருந்தது. விலை கொடுக்க வேண்டிய வரிசையில் நம்மை அவர் வைக்கவேயில்லை.

அக்டோபர்த் தேர்தலில் தேசீயக் கூட்டுக்கு 554 ஸ்தானம் கிடைத்தது. அதில் கன்சர்வேடிவ்கள் மட்டும் 470-க்குக் குறையாது. மாக்டொனால்டின் சொந்தக் குழுவினர் 13 பேர். ஏறச் சொன்னால் எருதுக்குக் கோபம், இறங்கச் சொன்னால் முடவனுக்குக் கோபம் என்பது பழமொழி; இங்கே முடவரின் விருப்பத்தை எருது கேட்கவேயில்லை. இந்தியா மந்திரி பதவி கன்சர்வேடிவான ஸர் ஸாமுவேல் ஹோரிடம் சென்றது. காந்திஜி கலந்துகொண்ட இரண்டாவது வட்டமேஜை மகாநாடு வகுப்புப் பிரச்னையில் முட்டி நின்று, டிசம்பர் 1-ந் தேதி கலைந்தது. டிசம்பர் 28-ல் பம்பாயில் இறங்கிய காந்திஜியை 1932 ஜனவரி 4-ல் வில்லிங்டன் சர்க்கார் சிறையிலிட்டது. இலக்கியம் கற்ற பிரதம மந்திரியின் இனிய குரல் இப்பொழுது எங்கும் கேட்கவில்லை.

கேட்டது ஆகஸ்டு 16-ந் தேதி. வகுப்புத் தீர்ப்பு அன்று பிரதம மந்திரியின் பெயரால் வெளியாயிற்று. முஸ்லிம், சீக்கியர், இந்தியக் கிறிஸ்தவர், ஆங்கிலோ-இந்தியர், ஐரோப்பியர் எல்லோருக்கும் தனித் தொகுதி. தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கும் தனி. வங்காள அசெம்பிளியின் 250 ஸ்தானத்தில், விரல்விட்டு எண்ணத்தக்க ஜனத்தொகையுள்ள ஐரோப்பியருக்கு, வர்த்தகத் தொகுதிகளையும் சேர்த்து 25. சிம்லாவிலும் லண்டனிலும் கயிறு இழுத்தவர்களைப் பற்றி 1910-ல் எழுதியவரின் பெயர், அதே கயிற்றின் மறு முனையில் 1932-ல் முடிச்சாக விழுந்தது. மாக்டொனால்டு தீர்ப்பு என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. நீங்கள் ஒன்றுபடவில்லை, ஆகையால் நாங்கள் சொல்ல வேண்டியதாயிற்று என்பது அவர் சமாதானம். நாம் ஒன்றுபடாதது மெய். வெட்கத்துடன் ஒப்புக்கொள்ள வேண்டிய மெய்.

தாழ்த்தப்பட்ட சகோதரர்களின் குறையைப் பற்றி ஒரு வார்த்தை. டாக்டர் அம்பேத்கர் வட்டமேஜையில் எடுத்துரைத்த குறை மாக்டொனால்டு உண்டாக்கியதன்று; நாம் உண்டாக்கியது. செப்டம்பர் 20-ந் தேதி காந்திஜி எரவாடாவில் உபவாசம் தொடங்கி, 24-ந் தேதி பூனா ஒப்பந்தம் ஏற்பட்டு, தீர்ப்பில் 71 ஆக இருந்த மாகாண ஸ்தானங்கள் 148 ஆயின. சென்னையில் 18 என்பது 30 ஆயிற்று. தனித் தொகுதி போய்ப் பொதுத் தொகுதி வந்தது. அவ்வொப்பந்தத்தை டாக்டர் அம்பேத்கர் பின்னாளில் கடுமையாகக் கண்டித்தார்; அக்கண்டனத்துக்குத் தக்க விடையை நம் தரப்பார் இன்னும் சொல்லி முடிக்கவில்லை. தீர்ப்பின் மற்றப் பகுதிகளோ திருத்தமின்றி 1935-ம் வருஷச் சட்டத்தில் ஏறின. 1946 தேர்தலில் அத்தொகுதிகளின் வழியே சென்ற வோட்டுகள் இரண்டு தேசங்களாக எண்ணப்பட்டன.

கடைசி அத்தியாயம் சிறிது. 1935 நவம்பர்த் தேர்தலில் சீஹாம் தொகுதியில் மாக்டொனால்டு மறுபடி நின்றார். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நிறைந்த அத்தொகுதி 1929-ல் அவரை 28,000-க்கு மேற்பட்ட வோட்டு வித்தியாசத்தில் தேர்ந்தெடுத்தது. இம்முறை அவருடைய பழைய சகாவான ஷின்வெல் 20,000-க்கு மேற்பட்ட வித்தியாசத்தில் அவரைத் தோற்கடித்தார். பிறகு ஸ்காட்லாந்துப் பல்கலைக்கழகங்களின் தொகுதியில் ஓர் இடம் தேடிக்கொடுத்தார்கள். பட்டம் பெற்றோர் மட்டுமே வோட்டளிக்கும் தொகுதி அது. பட்டம் பெறும் வசதியின்றி வளர்ந்தவருக்கு அது புகலிடமாயிற்று. பிரபுப் பட்டத்தை அவர் ஏற்கவில்லை. அவ்வளவு மானம் மிஞ்சியிருந்தது. 1937 நவம்பர் 9-ந் தேதி, உடல்நலம் தேடித் தென்னமெரிக்காவுக்குச் செல்கையில், நடுக் கடலில் கப்பலில் உயிர் நீத்தார். லாஸிமவுத்துக்கு அருகே மனைவியின் பக்கத்தில் அவர் சாம்பல் புதைக்கப்பட்டது.

1922-ல் அவர் எதிர்க்கட்சித் தலைவரானபொழுது அவருக்குப் பார்லிமெண்டுக் காரியதரிசியாக ஓர் இளைய அங்கத்தினர் அமர்ந்தார். ஸைமன் கமிஷனில் அவர் அனுப்பிவைத்ததும், நம்மவர் கறுப்புக் கொடி காட்டியதும் அதே மனிதருக்குத்தான்: கிளெமெண்டு அட்லி. 1931-ல் அட்லி தம் தலைவருடன் செல்லாமல் கட்சியுடன் தங்கினார். அவர் பேச்சில் இனிமையில்லை. இந்தியாவின் விழிப்பைப் பற்றிப் புத்தகம் எழுதியவருமல்லர். 1945-ல் 393 ஸ்தானங்களுடன் அவர் பிரதம மந்திரியானபொழுது, யுத்தத்தில் பிரிட்டனின் பொக்கிஷம் காலியாகியிருந்தது. 1942-ன் கிளர்ச்சி அடங்கியும் அடங்காமலும் இருந்தது. 1946 பிப்ரவரியில் பம்பாய்த் துறைமுகத்தில் இந்தியக் கடற்படையினரே எழுந்துவிட்டனர். 1947 பிப்ரவரி 20-ந் தேதி அட்லி காமன்ஸ் சபையில் எழுந்து, 1948 ஜூனுக்குள் அதிகாரத்தை இந்தியர் கையில் ஒப்படைப்பதாக அறிவித்தார். பதினாறு மாதக் கெடு. ஆறு மாதத்துக்குள், ஆகஸ்டு 15-ந் தேதி, காரியம் முடிந்தது. வகுப்புத் தீர்ப்பு வெளியான நாளிலிருந்து பதினைந்து வருஷத்துக்கு ஒரு நாள் குறைவு. 1928 ஜூலையில் தொடங்கிய மாதக் கணக்கை அன்றைக்கு எண்ணினால் 229 மாதம்.